நகைக்கும் வேலைக்காரன்: ஜப்பானியரின் கியோகென் நாடகம்

ஜப்பான் தேசத்தின் பெயரைக் கேட்டவுடன் நம்மவரில் முதியோர் எவர்க்கும் நகைப்பு வருவதில்லை. 1942ஆம் ஆண்டு முதல் 1945ஆம் ஆண்டு வரை மலாயாவில் நடந்த ஆட்சியையும், தோட்டங்களினின்று சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு மீளாது போன பல்லாயிரம் தமிழ் மக்களையும் மறவாத குடும்பங்கள் இந்நாட்டில் இன்றும் உள. அக்கணக்கைத் தீர்ந்ததாக எழுதுவது நம் நோக்கமன்று. ஆயினும், தோழர்களே, நம் முன்னோர் கண்டது அந்நாட்டின் படையைத்தான். அந்நாட்டு உழவனும் கூலியாளும் வேலைக்காரனும் அறுநூறு ஆண்டுகளாக எவரைப் பார்த்து நகைத்து வந்தனர் என்பதை அறியும் வாய்ப்பு அவர்கட்குக் கிட்டியதில்லை. அதனை அறிய ஒரு வழியுண்டு. கியோகென் என்னும் அவர்களது பழைய ஹாஸ்ய நாடகத்தைப் பார்த்தல் வேண்டும்.

கியோகென் என்னும் சொல்லுக்குப் பித்துரை, அஃதாவது மதிகெட்ட பேச்சு, என்பது பொருள். சீனத்துக் கவிஞர் போ சூயி (772–846) தம்முடைய செய்யுட்களைத் தாமே தாழ்த்திக் கூறிய ஒரு தொடரிலிருந்து இச்சொல் ஜப்பானுக்கு வந்தது. கவிஞர் அடக்கத்தால் சொன்ன சொல்லைக் கூத்தாடிகள் தங்கள் தொழிலுக்கே பெயராக எடுத்துக்கொண்டனர். நோ எனப்படும் கம்பீரமான இசை நாடகமும் கியோகெனும் ஸாருகாகு என்ற பழைய வேடிக்கையாட்டத்திலிருந்து பிறந்த உடன்பிறப்புக்கள். 14ஆம் நூற்றாண்டில் கன்அமி (1333–1384) என்பவரும் அவர் மைந்தர் ஸெயாமியும் நோ நாடகத்தைச் செப்பம் செய்தனர். நாட்டை ஆண்ட ஷோகுன் அஷிகாகா யோஷிமித்ஸு அவர்களை ஆதரித்தான். அன்று முதல் இரு நாடகங்களும் ஒரே மேடையில், ஒரே நாளில், ஒன்று மாற்றி ஒன்றாக ஆடப்பட்டு வருகின்றன. நோவிலே மாண்ட வீரரின் ஆவிகள் வரும், பிரிவால் மனந்திரிந்த மாதர் வருவர், தேவர்கள் வருவர். கியோகெனிலோ எஜமானும் வேலைக்காரனும், மாமனும் மருமகனும், சண்டைக்காரப் பெண்டாட்டியும் சோம்பேறிக் கணவனும், திருடனும் சாமியாரும் வருவர். நோ பாடும், கியோகென் பேசும். அதுவும் பண்டிதர் நடையிலன்று; அக்காலத்து ஜனங்கள் சந்தையிலும் வீட்டிலும் பேசிய நடையில் பேசும். பெரும்பாலான கதைகளுக்கு இரண்டு மூன்று பேர் போதும்; அரைமணி நேரத்தில் ஆட்டம் முடிந்துவிடும்.

மேடையைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். ஏறக்குறைய 18 அல்லது 19 அடிச் சதுரமான மரத்தளம். நான்கு மூலையிலும் தூண். மேலே கோவிற்கூரை போன்றதொரு கூரை. பின்சுவரில் ஒரு தேவதாரு மரத்தின் சித்திரம். இடப்புறத்தில் ஒரு நீண்ட நடைபாலம். அதன் கோடியில் ஐவண்ணத் திரை. இவ்வளவே. எழினி தூக்கி இறக்குவதில்லை. தோட்டம், தெரு, அரண்மனை என்று எழுதிய படுதாக்கள் இல்லை. எந்தக் கதையானாலும் அதே தேவதாருதான். எழுதிய மரம் மாறாதிருக்க, நடிகன் ஒருவனே ஊரையும் வீட்டையும் மலையையும் ஆற்றையும் உண்டாக்கிக் காட்டவேண்டும்.

அவன் முதலில் உண்டாக்குவது நடை. முதுகு நிமிர்ந்திருக்கும், இடுப்பு சற்றே தாழ்ந்திருக்கும், முழங்கால் மெல்ல மடிந்திருக்கும், குதிகால் தரையைவிட்டு எழாது. மஞ்சள் நிறமான துணிக் காலுறை அணிந்த பாதம் பளபளக்கும் பலகைமேல் வழுக்கிச் செல்லும். ஓர் அடியின் முடிவில் விரல்கள் மாத்திரம் சிறிது உயர்ந்து இறங்கும். (நோ நடிகருக்கு வெள்ளைக் காலுறை, இவர்களுக்கு மஞ்சள். காலைப் பார்த்தே ஆளை அறியலாம்.) குடித்துத் தள்ளாடும் வேலைக்காரனாயினும் இந்த இடுப்பும் இந்த முதுகும் நிலை குலைவதில்லை. தள்ளாடும் வேஷத்துக்குள்ளே தள்ளாடாத உடம்பு இருப்பதனால்தான் தள்ளாட்டம் நகைப்பைத் தருகிறது. உண்மையிலேயே தள்ளாடுகிறவனைப் பார்த்தால் நமக்கு இரக்கமோ அருவருப்போ அன்றோ உண்டாகின்றது?

வந்தவன் தன்னை இன்னானென்று சொல்லிக்கொள்கிறான். அரசகுமாரன், இன்ன குலத்தான், இன்னார் மகன் என்ற பட்டப் பெயரெல்லாம் கிடையாது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் குடியிருப்பவன் என்பதோடு சரி. பார்க்க வந்தவர்களும் அச்சுற்றுவட்டாரத்தினரே ஆதலால், மேடையில் நிற்பவன் தங்களில் ஒருவன் என்பது அவர்கட்கு உடனே விளங்கிவிடும். பிறகு அவன் பயணம் புறப்படுகிறான். தலைநகருக்குப் போகவேண்டும் என்று சொல்லிக்கொண்டே மேடையை ஒரு சுற்றுச் சுற்றுகிறான். வழியில் தன் மனத்திலுள்ளதைப் பேசுகிறான். முன்பு நின்ற இடத்துக்குத் திரும்பியதும், இதோ வந்து சேர்ந்துவிட்டேன் என்கிறான். பல நாள் வழி அரை நிமிஷத்தில் தீர்ந்தது. சபையில் எவரும் ஐயுறுவதில்லை.

கையில் இருப்பது ஒரு மடக்கு விசிறி. விரித்துச் சாய்த்தால் அது மதுக்குடுவை. வாயருகே கொண்டுபோனால் கிண்ணம். மடக்கி இழுத்தால் வாள். முன்னும் பின்னும் தள்ளினால் ரம்பம். கதவைத் தள்ளும்போது கைகள் காற்றைத் தள்ளுகின்றன. ஸரஸரவென்று ஓசை செய்வது நடிகனின் வாய். ரம்பத்தின் கரகரப்பும், நாயின் குரைப்பும், கோவில் மணியின் முழக்கமும் அந்த வாயினின்றே வரவேண்டும். பணம் செலவிட்டு மெய்யான கதவைக் கொண்டுவந்து நிறுத்தினால் ஒரு கதவு மாத்திரமே கிடைக்கும். வாயால் செய்த கதவையோ வேண்டும்போது உண்டாக்கி வேண்டாதபோது மறக்கலாம். இக்காலத்துச் சினிமாவில் கோடிக்கணக்கான பொருளைக் கொட்டி மலைகளை நொறுக்கிக் காட்டுகின்றார்கள். அதனைக் குறை கூறவில்லை. எனினும் அரக்குப் பூசிய ஒரு மரப்பீப்பாயை வைத்துக்கொண்டு அதையே நாற்காலியாகவும், மதுச் சாடியாகவும், ஏறி நிற்கும் மரமாகவும் செய்துவிடும் இவ்வேழைச் சாமர்த்தியம் நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

சிரிப்பதற்கும் அழுவதற்கும் முறையுண்டு. சிரிப்பு அடிவயிற்றினின்று எழுந்து படிப்படியாய் உயர்ந்து இறங்கும். அழுகைக்குக் கையை முகத்தருகே கொணர்ந்து தலையைத் தாழ்த்துவர். பேச்சும் அப்படியே, ஒவ்வொரு தொடரிலும் குரல் ஏறி இறங்கும் இடம் வகுக்கப்பட்டிருக்கிறது. முகமூடி, பெரும்பான்மையும் இல்லை. குரங்கு, நரி, கொசு, பேய், தெய்வம் முதலியவற்றுக்கு மாத்திரம் உண்டு. பெண் வேஷத்துக்கு ஒரு நீண்ட வெள்ளைத் துணியைத் தலையில் சுற்றி இரு முனைகளையும் இருபுறம் தொங்கவிட்டால் முடிந்தது. மீசையும் வழுக்கையும் உள்ள நடிகர்கூட அத்துணியைச் சுற்றியவுடன் ஒரு வீட்டுக்காரியாகிவிடுவார்.

கியோகென் கதைகளில் மிகவும் புகழ்பெற்றவன் தாரோ காஜா. அவன் ஒரு பெரிய வீட்டு வேலைக்காரன். துணைக்கு ஜிரோ காஜா என்ற இளைய வேலைக்காரன். எஜமான் ஒருவன் வெளியூர் போகும்போதெல்லாம் இவ்விருவரும் தன் அரிசி மதுவைக் குடித்துவிடுகின்றார்கள் என்று கண்டறிகிறான். ஒருவனை அழைத்து, நீ சிலம்பம் கற்றாயாமே, காட்டு பார்ப்போம் என்கிறான். அவன் கம்பைத் தோள்மேல் குறுக்கே வைத்து இரு கைகளையும் நீட்டியபொழுது, மற்றவனை ஏவி அக்கைகளைக் கம்போடு கட்டிவிடுகிறான். கட்டி முடித்தவனையும் விடாது அவன் கைகளைப் பின்புறமாகக் கட்டுகிறான். இனிக் கவலையில்லை என்று எஜமான் புறப்பட்டுப் போகிறான்.

இருவரும் சிறிது நேரம் முணுமுணுக்கின்றார்கள். மது நினைவு வருகிறது. மணத்தையேனும் முகர்ந்து பார்ப்போம் என்று பண்டசாலைக்குப் போகின்றனர். கம்பிற் கட்டுண்டவன் உடம்பைச் சாய்த்துக் கிண்ணத்தைச் சாடிக்குள் விடுகிறான், மது நிரம்பியது, ஆனால் கை நீட்டியபடி இருப்பதால் கிண்ணம் தன் வாய்க்கு எட்டவில்லை. என்ன செய்வது? அதை மற்றவன் வாய்க்கு நீட்டுகிறான். அவன் குடிக்கிறான். பிறகு கிண்ணம் அவனுடைய முதுகுப்புறக் கைக்கு மாறுகிறது. கம்பிற் கட்டுண்டவன் குனிந்து அங்கே வாய் வைத்துக் குடிக்கிறான். தனித்தனியே இருந்தால் இருவருக்கும் தாகந்தான். ஒருவன் மற்றவனுக்கு ஊட்டினால் இருவருக்கும் விருந்து. அதன்பின் கட்டுண்ட கையோடே பாட்டும் ஆட்டமும் நடக்கின்றன. எஜமான் திரும்பி வந்து பின்னால் நிற்கிறான். அவன் உருவம் மதுக் கிண்ணத்தில் நிழலாடுகிறது. நம் கஞ்சனுடைய பேராசை இங்கேயும் வந்து கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது பார் என்று இருவரும் நகைக்கின்றார்கள். பிறகென்ன, துரத்தல்தான்.

இக்கதையைப் படித்துவிட்டு, இதிலென்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். விஷயம் உடம்பிலிருக்கிறது. கட்டுண்ட கையால் ஆடுவது எப்படி என்பதை எழுத்தால் சொல்லித் தீராது. இரு நடிகரும் ஒருவர் அசைவை ஒருவர் அளந்து, ஒரு சொட்டும் சிந்தாதவாறு, இல்லாத மதுவைக் குடிக்கின்றார்கள். நாம் வாய் மூடாது பார்க்கின்றோம். மனிதனைக் கட்டலாம், அவன் சூழ்ச்சியைக் கட்டவியலாது என்பதை எஜமான்மார் வீற்றிருந்த சபையிலேயே அவர்கள் அப்படிக் காட்டினர்.

நிற்க. எஜமான்மார் இதனைப் பொறுத்துக்கொண்டனரா? எப்பொழுதும் பொறுக்கவில்லை. 1424ஆம் ஆண்டில் கியோட்டோவுக்குத் தெற்கேயுள்ள புஷிமியில் நடந்த ஒரு திருவிழா ஆட்டத்தைப் பற்றி அரச குலத்தவரான ஸதாபுஸா என்பவர் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கின்றார். அன்று நடிகர்கள் வறுமையுற்ற அரண்மனைப் பிரபுக்களின் அவதியைக் கியோகெனாக ஆடினர். அவ்விடமோ அரண்மனைப் பிரபுக்கள் வாழும் இடம். நடிகர் கண்டிக்கப்பட்டனர். அதே குறிப்பில் முன் நடந்ததொன்றும் சொல்லப்படுகிறது. ஹியேய் மலையிலே குரங்கைத் தெய்வத்தூதாகப் போற்றும் கோவில் உண்டு. அங்கே போய்க் குரங்கை வைத்துக் கேலி ஆடியவர்களை மடத்துத் துறவிகள் ஆயுதங்கொண்டு தாக்கினராம். ஆகவே நகைப்புக்கு அன்றே விலை இருந்தது. எங்கே எதைச் சொல்லிச் சிரிக்கலாகாது என்ற கணக்கை அறியாத நடிகனுக்கு அடி விழுந்தது.

ஸெயாமி 1430ஆம் ஆண்டில் தம் குழுவினர்க்கு எழுதிய ஒரு நூலில் கியோகென் நடிகர்க்கும் புத்தி சொல்லியிருக்கின்றார். சபையைக் கொல்லென்று சிரிக்க வைப்பது ஒன்றையே குறிக்கோளாகக் கொள்ளலாகாது; உள்ளே மகிழ்ச்சி ஊறி முகத்திலே புன்னகை தோன்றும்படி செய்வதே மேலானது; இழிந்த சொல்லும் செயலும் எவ்வளவு சிரிப்பைத் தந்தாலும் மேடைக்கு ஆகா என்பது அவர் கருத்து. இதனை இருவகையாகப் படிக்கலாம். கலைக்கு நாகரிகம் கற்பித்தார் என்பது ஒன்று. ஷோகுனுடைய சபையில் ஆடுவோர் நாவை அடக்க வேண்டியிருந்தது என்பது மற்றொன்று. இரண்டும் உண்மை என்றே நமக்குத் தோன்றுகிறது.

ஆதியில் இந்நாடகங்களுக்கு எழுதிய பிரதி கிடையாது. கதையின் எலும்பை மாத்திரம் வைத்துக்கொண்டு நடிகர் அன்றன்று தசை பூட்டிப் பேசினர். இன்று கிடைப்பவற்றுள் மிகப் பழைய தொகுதி 1578ஆம் ஆண்டினது. அதிலும் நூற்றுச் சொச்சம் கதைகளின் சுருக்கமே காணப்படுகிறது. 17ஆம் நூற்றாண்டில் தொகுகாவா வமிசத்து ஷோகுன்கள் நோவையும் கியோகெனையும் தங்கள் அரசாங்கச் சடங்குக்குரிய கலையாக்கி, நடிகர்க்குச் சம்பளமும் தந்தனர். ஓகுரா, ஸாகி, இஸுமி என மூன்று மரபுகள் வேரூன்றின. ஓகுரா மரபின் தலைவர் தொராஅகிரா 1642ஆம் ஆண்டில் தம் மரபின் நாடகங்களை விரிவாக எழுதி வைத்தார். சம்பளம் வந்தது, சோறு நிலைத்தது, பேச்சும் நிலைத்தது. அன்றன்று பேசிய வாய் எழுதி வைத்ததையே பேசத் தொடங்கிற்று. 1424இல் கண்டனம் பெற்ற அந்தப் பிரபுக்களின் வறுமைக் கதை இன்று ஆடப்படும் வரிசையில் இல்லை. இரு மரபுகளிலும் சேர்த்து ஏறக்குறைய 260 நாடகங்கள் இன்று உள. காணாமற்போனவற்றின் காரம் எவ்வளவென்று யார் சொல்லவல்லார்?

ஆயினும் தப்பியவற்றிலும் காரம் மிச்சமிருக்கிறது. வாளைச் சுமக்க ஆளில்லாத இரண்டு பிரபுக்கள் வழிப்போக்கன் ஒருவனை மிரட்டித் தங்கள் வாளை அவன் தலையில் ஏற்றுகின்றனர். அவன் சிறிது தூரம் சுமந்தான். பிறகு வாளை உருவிக்கொண்டான். இனி யார் எஜமான்? பிரபுக்கள் இருவரும் சேவலாகிக் கொத்திக்கொள்கின்றனர், நாயாகிக் கடித்துக்கொள்கின்றனர், தள்ளினால் எழும் தஞ்சாவூர்ப் பொம்மையைப் போன்றதொரு பொம்மை அந்நாட்டிலும் உண்டு, அதுபோல் உருண்டு உருண்டு எழுகின்றனர். முடிவில் வழிப்போக்கன் வாளையும் உடையையும் எடுத்துக்கொண்டு நடையைக் கட்டுகிறான். மற்றொரு கதையில் ஒரு பிரபு புது ஆள் அமர்த்துகிறான். வந்தவன் மல்லன் என்று சொல்லிக்கொள்ளவே, பிரபுவே அவனோடு மல்லுக்கு நிற்கிறான். வந்தவனோ மனிதனல்லன், கொசுவின் ஆவி! குத்துப்பட்டுத் தலை சுற்றி விழுந்த பிரபு, அடுத்த ஆட்டத்தில் தாரோ காஜாவைப் பெரிய விசிறியோடு பக்கத்தில் நிறுத்துகிறான். காற்று வீச வீச மல்லன் தள்ளாடுகிறான். கொசுக்கடியில் வளர்ந்த நம் தோட்டத்துப் பிள்ளைகள் இதற்கு வியாக்கியானம் கேட்கமாட்டார்கள்.

சாமியார்களைப் பற்றிய கதைகளை நம் பத்திரிகை வாசகர் விரும்புவர் என்பதில் ஐயமில்லை. யமபுஷி என்போர் மலைகளில் தவஞ்செய்து மந்திர சக்தி பெற்றதாகச் சொல்லிக்கொள்ளும் ஒருவகைத் துறவிகள். ஒரு யமபுஷி பசியால் பிறன் தோட்டத்து மரமேறிக் காக்கிப் பழம் தின்கிறான் (நம் சந்தைகளில் பீசாங் காக்கி என்று விற்பது அதுவே). தோட்டக்காரன் வந்துவிட்டான். திருடனைக் கண்டும் காணாதவன்போல், அதோ மரத்தில் இருப்பது காகமோ, காகமானால் கத்துமே என்கிறான். மந்திரவாதி காகமாய்க் கத்துகிறான். குரங்கோ என்றால் குரங்காகிறான். பருந்தோ, பருந்தானால் பறக்குமே என்றவுடன், பாவம், பறக்கவும் முயல்கிறான். விழுந்து இடுப்பொடிந்தபின் தன் மந்திரத்தைச் சொல்லித் தோட்டக்காரனைப் பயமுறுத்தப் பார்க்கிறான். இன்னொரு கதையில், நத்தையை அறியாத தாரோ காஜா, தலை கறுத்து இடுப்பில் ஓடு சுமக்கும் பிராணி என்ற அடையாளத்தைக் கேட்டுக்கொண்டு, கறுப்புக் குல்லாவும் இடுப்பில் சங்கும் உடைய யமபுஷியை நத்தையென்று நம்பி அழைக்கிறான். அவனும் நத்தையாக நடித்து வேலைக்காரனை ஆட்டிவைக்கிறான்.

எல்லாவற்றிலும் சிறந்தது மத வாதம் என்ற கதை. யாத்திரை முடித்துத் திரும்பும் இரண்டு பௌத்தத் துறவிகள் வழியில் துணையாகின்றனர். ஒருவர் அமிதாபரைத் துதிக்கும் சுத்தபூமிப் பிரிவினர். மற்றவர் தாமரைச் சூத்திரத்தைத் துதிக்கும் நிச்சிரென் பிரிவினர். என் நெறியே நெறி, உன் நெறி நரகம் என்று வழியெல்லாம் வாதம், சத்திரத்திலும் வாதம். விடியுமுன் எழுந்து ஒருவர் தம் மந்திரத்தை உரக்கச் சொல்ல, மற்றவர் அதைவிட உரக்கத் தம் மந்திரத்தைச் சொல்ல, குரல் ஏற, தாளம் ஏற, கால்கள் தாமே ஆடத் தொடங்க, வேகத்திலே மந்திரம் இடம் மாறிவிடுகிறது! அவர் மந்திரம் இவர் வாயில். இவர் மந்திரம் அவர் வாயில். இருவரும் திடுக்கிட்டு நின்று, பெயரில்தான் பேதம் என்று ஒப்புக்கொண்டு சமாதானமாகின்றனர். நூறு பிரசங்கம் செய்தாலும் வராத முடிவு காலின் தாளத்தால் வந்துவிட்டது.

இவ்வளவும் சொன்னபின் ஒரு கேள்வி மனத்தை உறுத்துகிறது. வேலைக்காரன் மேடையில் வென்றான். மேடையைவிட்டு இறங்கிய பின்? பிரபு சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனான். அவன் வீட்டுத் தாரோ காஜா அவனுக்குச் செருப்பை எடுத்து வைத்தான். கியோகென் எந்தப் பிரபுவின் வாளையும் மெய்யாகப் பறித்ததில்லை. அன்றியும் இந்நாடகங்களில் பெரும்பான்மை, தப்பவிடமாட்டேன் தப்பவிடமாட்டேன் என்று எஜமான் நடைபாலத்தின் வழியே வேலைக்காரனைத் துரத்திக்கொண்டு ஓடுவதோடு முடிகின்றது. துரத்தும் கை எஜமான் கைதான். தாரோ காஜா நாளைக்கும் அதே வீட்டில்தான் இருப்பான். சம்பளம் கேட்டுச் சண்டையிட மாட்டான். அரசாங்கச் சடங்கிலே இக்கலைக்கு இடம் கிடைத்ததன் இரகசியம் இதுவே என்று சிலர் சொல்வர். அதை முழுதும் மறுக்க நம்மால் இயலவில்லை. எனினும், நாள்தோறும் குனிந்து நிற்பவனை எவனேனும் ஒருவன் அரைமணி நேரம் நிமிர்த்திக் காட்டினால், பார்த்தவன் கண்ணில் அது பதியாமற் போகுமா? கூலியாளுக்கும் துரைக்கும் நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் நம்போன்ற கிராணிமார்க்கு இக்கேள்வி இன்னும் கொஞ்சம் கூர்மையானது. தாரோ காஜாவும் ஒருவகையில் கிராணிதான். மேலிருப்பவன் ஏவலைக் கீழிருப்பவனிடம் சொல்லி, இருபுறமும் பொய் சொல்லி, நடுவே தன் கிண்ணத்தையும் நிரப்பிக்கொள்கிறவன்.

குரங்கும் அம்பறாத்தூணியும் என்ற கதையை எண்ணும்போது நகைப்பு நின்றுவிடுகின்றது. வேட்டைக்குப் போகும் பிரபு ஒருவன் வழியில் குரங்காட்டியைச் சந்திக்கிறான். குரங்கின் தோல் மிக அழகு. தன் அம்புக்கூட்டைப் போர்த்த அது வேண்டும் என்று ஆசை பிறக்கிறது. உயிரைக் கேட்கிறோம் என்றே அவனுக்குத் தோன்றவில்லை. தோலைச் சில காலம் கடனாகக் கொடு, பிறகு திருப்பித் தருகிறேன் என்கிறான்! குரங்காட்டி மறுக்கிறான். பிரபு அம்பைத் தொடுத்துவிட்டான். குரங்கும் சாகும், நீயும் சாவாய் என்கிறான். வேறு வழியில்லை. அம்பு பட்டால் தோல் கெடும், நானே ஓரடியில் கொன்று தருகிறேன் என்று குரங்காட்டி கேட்டுக்கொள்கிறான். குட்டியாக இருந்த நாள் முதல் தான் வளர்த்ததைக் குரங்கிடமே சொல்லி அழுது, கோலை ஓங்குகிறான். அந்தக் கோல் வித்தைக்குப் பழக்கிய கோல். அடையாளத்தைக் கண்ட குரங்கு, வித்தை காட்டச் சொல்கின்றார் என்று எண்ணிக் கோலை வாங்கிப் படகு தள்ளும் வித்தையைச் செய்கிறது. சாவு வருவதை அறியாமல் தான் கற்ற வேலையைச் செய்யும் அந்தச் சிற்றுயிரைக் கண்டு குரங்காட்டி கோலை விட்டு விழுந்து அழுகிறான், பிரபுவும் அழுகிறான். உயிர் தப்பிய குரங்கு நன்றியாக ஆடுகிறது. பிரபு தன் விசிறியையும் வாளையும் மேலுடையையும் கழற்றிக் கொடுத்துவிட்டு, குரங்கைப் பார்த்துப் பார்த்துத் தானும் ஆடத் தொடங்குகிறான்.

குரங்கு வேஷம் போடுவது, நடிகர் குடும்பத்தில் மூன்று முதல் ஐந்து வயதுள்ள குழந்தை. பெரும்பாலும் அதுவே அக்குழந்தையின் முதல் மேடை. தந்தையோ பாட்டனாரோ குரங்காட்டியாகக் கோலை ஓங்குவது உண்டு. எழுதிய புத்தகத்தைப் படித்து இவர்கள் பாடம் கற்பதில்லை. ஆசிரியர் எதிரே அமர்ந்து ஒரு தொடரைச் சொல்ல, சிறுவன் அதையே, அதே ஏற்ற இறக்கத்தோடு, திருப்பிச் சொல்லவேண்டும். குரங்கில் தொடங்கி நரியில் முடிவது என்று அவர்கள் தங்கள் பயிற்சியைச் சொல்வார்கள். நரி என்பது, தன் இனத்தையெல்லாம் வேடன் ஒருவனுக்குப் பறிகொடுத்த கிழநரி அவன் மாமனாகிய துறவியின் வேஷம் பூண்டு வந்து கொலைத்தொழிலை விடும்படி உபதேசிக்கும் கதை. நடிகன் நரித்தோல் உடையை உள்ளேயும் துறவியுடையை மேலேயும் அணிந்து, முகமூடியோடு, மனிதனாய் நடிக்கும் விலங்காக ஒரு மணி நேரத்துக்கு மேல் நடிக்கவேண்டும். உபதேசம் பலித்துவிடுகிறது. ஆனால் திரும்பும் வழியில் கண்ணியில் வைத்த பொரித்த எலியின் மணம் மூக்கில் ஏறுகிறது. போகிறது; திரும்புகிறது; வைகிறது; மீண்டும் முகர்கிறது. எளிய நடையென்று மேலே சொன்னோமே, அதை இருபது ஆண்டுகள் பழகியவனே இந்த நரியின் நடையை நடக்க அனுமதி பெறுவான்.

மது நிறைந்த கதைகளைவிட நமக்குப் பிடித்தது, நிலா பார்க்கும் குருடன் என்பது. முழுநிலா நாளில் எல்லோரும் நிலாவைப் பார்க்க, ஒரு குருடன் பூச்சிகளின் இசையைக் கேட்க வெளியே வருகிறான். மேலைத் தெருவைச் சேர்ந்த ஒருவன் அவனோடு நட்பாகப் பேசி, செய்யுள் சொல்லி, மது பகிர்ந்து, ஆடிப் பாடி விடைபெறுகிறான். சிறிது தூரம் போனவனுக்கு ஒரு விபரீத எண்ணம். திரும்பி வந்து, குரலை மாற்றிக்கொண்டு, குருடன்மேல் மோதி, வைது, கீழே தள்ளிவிட்டுப் போகிறான். குருடன் தடவித் தடவித் தன் கோலைத் தேடி எடுத்து, முன்பு வந்த நல்ல மனிதன் எங்கே, இந்தப் பாதகன் எங்கே என்று வியக்கிறான். வந்தவர் இருவர் என்றே அவன் நம்புகிறான். ஒரு தும்மலோடு நாடகம் முடிகிறது. இதனை ஹாஸ்யம் என்று எவ்வாறு சொல்வது? சபையில் இருப்போருக்குக் கண் இருக்கிறது, அவர்களே உண்மையை அறிவர், சிரிக்கவோ வாயெழாது.

1868ஆம் ஆண்டில் தொகுகாவா ஆட்சி கவிழ்ந்து மெய்ஜி சக்கரவர்த்தியின் ஆட்சி தொடங்கியபோது, நடிகரின் சம்பளமும் ஒரே நாளில் போயிற்று. பலர் வேறு தொழிலுக்குச் சென்றனர். கியோட்டோவில் ஓகுரா மரபைச் சேர்ந்த சிகேயாமா குடும்பத்தார் மாத்திரம் கௌரவம் பாராது, கலியாணம், திருவிழா, பள்ளிக்கூடம் என்று கூப்பிட்ட இடமெல்லாம் சென்று ஆடினர். எங்கும் மலிவாகக் கிடைக்கும் தௌஃபுவைப்போல இவர்கள் கியோகெனும் ஆகிவிட்டது என்று சக நடிகர் ஏளனம் செய்தனராம். அக்குடும்பத்தார் அந்த ஏளனத்தையே தங்கள் கொள்கையாக ஏற்று, தௌஃபு கியோகென் என்று பெருமையோடு சொல்லிக்கொண்டனர். தௌஃபு மலிவுதான், ஆனால் எல்லார் வீட்டுச் சமையலுக்கும் ஒத்துப்போகும் பண்டம் அது. அக்குடும்பத்தின் நான்காம் ஸென்ஸாகு (1919–2013) 2007ஆம் ஆண்டில் ஜப்பானிய அரசாங்கத்தின் பண்பாட்டு விருதைப் பெற்றார். நோவும் கியோகெனும் சேர்ந்த கலையை யுனெஸ்கோ 2001ஆம் ஆண்டில் மனித குலத்தின் அரிய பாரம்பரியங்களுள் ஒன்றாக அறிவித்து, 2008ஆம் ஆண்டில் தன் பட்டியலிற் சேர்த்தது. ஆடவரே ஆடிவந்த மேடையில் இப்போது பெண்களும் ஆடுகின்றனர்.

மூன்று மரபுகளில் ஷோகுனுடைய சபையில் செல்வாக்குற்றிருந்த ஸாகி மரபு மெய்ஜி காலத்துக்குப்பின் நிற்கவில்லை. அதன் தலைமைக் குடும்பம் அற்றுப்போயிற்று; தொழில்முறை நடிகர் ஒருவரும் மிஞ்சவில்லை. ஆயினும் மேற்கே யமாகுச்சி நகரில், வேலையிழந்த பழைய நடிகர் ஒருவர் அவ்வூர்க் குடிகளுக்கு அக்கலையைக் கற்பித்தார். அவர்கள் தங்கள் மக்களுக்குக் கற்பித்தனர். ஸாதோத் தீவிலும் ஊரார் சிலர் அவ்வாறே காத்து வந்தனர். பகலில் தங்கள் சொந்தத் தொழிலைச் செய்து, மாலையில் கூடி, மஞ்சள் காலுறை மாட்டிக்கொண்டு, பிரபுக்கள் கைவிட்ட ஸாகி மரபின் கதைகளை அவ்வூரார்தாம் ஆடி வருகின்றனர்.